குழந்தைக்கு வயித்து வலின்னா குடலேத்தம்னு விட்டுடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பத்திரிகை மகளிர் பக்கத்துல ஒரு வாசகி, கைக்குழந்தை வீல் வீல்னு அழுது வயித்த முறுக்குனா அது குடலேத்தமா, அதாவது குடல் எடம் மாறி ஏறிக்கிட்டதா இருக்கும், விளக்கெண்ணெய் தடவி வயித்த உருவி விட்டு குடல் தட்டினா சரியாயிரும், ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லன்னு எழுதியிருந்தாங்க. நல்ல மனசோடதான் எழுதியிருப்பாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. எங்க ஆயாவே (பாட்டி) தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீடுங்கள்ல, ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் குடல் தட்டினவங்கதான், சாயந்தரமானா எங்க வீட்டு வாசல்ல புள்ளையத் தூக்கிக்கிட்டு அம்மாமாருங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. ஆனா அந்தக் கடைசி வரி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லங்கிற வரி, அதப் படிச்சதுல இருந்து எனக்கு ராத்திரி தூக்கம் சரியா இல்ல. அதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போட்டீங்கன்னா பெரிய உதவியா இருக்கும் ஐயா.

நான் மலேசியாவுல கித்தா (ரப்பர்) தோட்டத்துல பொறந்து வளந்தவ. 1981ல இருந்து 2014 வரைக்கும் கவர்மெண்டு ஆஸ்பத்திரிங்கள்ல எக்ஸ்ரே எடுக்கிற வேலை, மலாய்ல ஜூரு எக்ஸ்ரேன்னு சொல்வாங்க. இப்ப பென்ஷன் வாங்கிக்கிட்டு சுங்கை சிப்புட்ல மகன் வீட்டுல இருக்கேன். வேலை பாத்த காலத்துல மூணு மாநிலத்துக்கு மாத்தலாகிப் போயிருக்கேன், அதனால கீழ நான் சொல்லப் போறது எந்த ஆஸ்பத்திரின்னு யாரும் தேட வேணாம், நானும் சொல்லப் போறதில்ல. படம் எடுக்கிறதுதான் எங்க வேலை, படத்துல என்ன இருக்குன்னு சொல்றது டாக்டர் வேலை. ஆனா வருஷக் கணக்கா பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு தானா பழகிருது.

1987, மழைக் காலம். ராத்திரி 11 மணிக்கு மேல ஒரு தோட்டத்து லோரியில ஒரு ஆம்பளப் புள்ளையத் தூக்கிட்டு வந்தாங்க, 9 மாசம். அம்மா பால் வெட்டுற பொண்ணு, விடிகாலையில பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற எடம்) போறப்ப புள்ளைய ஆயாக்கொட்டாய்ல, தோட்டத்துப் புள்ளைங்கள ஒரு ஆயா பாத்துக்கிற எடத்துல, விட்டுட்டுப் போயிருக்கு. காலையில பத்து மணி போல புள்ள திடீர்னு கால வயித்தோட மடக்கிக்கிட்டு கத்தியிருக்கான், ஒரு ரெண்டு மூணு நிமிஷம், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அடங்கிட்டான், ஒரு கால் மணி நேரம் கழிச்சு மறுபடி அதே மாதிரி. ஆயா ஓமத்தண்ணி குடுத்திருக்காங்க. மத்தியானம் அம்மா வந்து பக்கத்து லயத்துப் பாட்டிகிட்ட தூக்கிட்டுப் போயி குடல் தட்டியிருக்கு, தட்டினதும் அழுகை நின்னிருச்சு, சாயந்தரம் புள்ள சோந்து போயி தூங்கிட்டான், பாத்தியா வலி எறங்கிருச்சுன்னு வீட்டுல எல்லாரும் நிம்மதியா இருந்துட்டாங்க. ராத்திரி வாந்தி நிக்கலன்னதும்தான் லோரிக்கு ஆள் அனுப்பியிருக்காங்க.

டேபிள்ல படுக்க வைக்கிறப்ப அவன் அழவே இல்ல. அதுதான் எனக்கு மொத பயம். ஒம்பது மாசப் புள்ள அந்த ஜில்லுனு இருக்கிற டேபிள்ல முதுகு பட்டா ரூமே அதிர்ற மாதிரி கத்தணும், இவன் மேல இருக்கிற லைட்ட பாத்துக்கிட்டு கெடந்தான். அம்மாவுக்கு ஈய ஏப்ரன் மாட்டி விட்டேன், அது புள்ளையோட ரெண்டு கையையும் புடிச்சுக்கிச்சு, அது வெரல் இடுக்குல கித்தாப் பால் காஞ்சு கருப்பு கருப்பா ஒட்டியிருந்துச்சு, கழுவக்கூட நேரமில்லாம ஓடியாந்திருக்கு. அப்பல்லாம் கம்ப்யூட்டர் கெடையாது, இருட்டு ரூம்ல படத்த மருந்துத் தண்ணியில முக்கி எடுக்கணும். ஈரம் சொட்டச் சொட்ட கிளிப்புல மாட்டி வெளக்குப் பெட்டியில வச்சுப் பாத்தேன். எக்ஸ்ரேல காத்து கருப்பா விழும், எலும்பு வெள்ளையா விழும், தண்ணி சதை எல்லாம் சாம்பல் கலர். நல்லா இருக்கிற குழந்தை வயித்துல காத்து அங்கங்க சின்னச் சின்னக் கருப்புக் குமிழியா வயிறு பூரா பரவியிருக்கும். இவனுக்கு இடது பக்கமும் நடுவுலயும் குடல் வீங்கிப் போயி சுருட்டு சுருட்டா கெடந்துச்சு, வலது பக்கம் கீழ, இடுப்பெலும்புக்கு மேல, ஒரு பொட்டு காத்து இல்ல. ஈரலுக்குக் கீழ ஒரு சாம்பல் கட்டி, அது ஓரத்துல பிறை மாதிரி ஒரு கருப்பு வளைவு.

டூட்டியில இருந்தவரு வேலைக்கு வந்து சில மாசமே ஆன சின்ன டாக்டர், அன்னிக்கு வாட்டுல வேற ரெண்டு பெரிய கேசு. படத்த ஒரு பார்வ பாத்துட்டு, காத்து நெறைய இருக்கு, கிருமியா இருக்கும், டிரிப் போடுங்க, காலையில பாப்போம்னுட்டாரு. அந்த வயசுல அவருக்கு யாரும் இத சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. நான் வாயத் தொறந்து, டாக்டர், வலது பக்கம் காத்தே இல்லையேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. எக்ஸ்ரே எடுக்கிற பொம்பள டாக்டருக்கு எடுத்துச் சொல்றதான்னு இருந்த காலம். வெளிய வர்றப்ப அந்த அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, மிஸ்ஸி, படத்துல என்னா தெரியுதுன்னு கேட்டுச்சு. டாக்டர்கிட்ட கேளும்மான்னு சொல்லிட்டு நான் வீட்டுக்குப் போயிட்டேன்.

காலையில திரும்ப கூப்புட்டாங்க. புள்ள வெளிக்குப் போயிருந்தான், செம்பருத்தி இலைய கசக்குனா வழவழன்னு வருமே, அதுல ரத்தத்தக் கரைச்ச மாதிரி. வயிறு கல்லு மாதிரி. இந்தத் தடவ இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு எடுத்தோம், அப்படி எடுத்தா குடலுக்கு வெளிய காத்து இருந்தா அது மேல ஏறி ஈரலுக்கும் விலாவுக்கும் நடுவுல வந்து நிக்கும். நின்னுச்சு. கத்தியால கீறுன மாதிரி ஒரு கருப்பு. குடல் ஓட்டையாயிருச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ்ல 2 மணி நேரம், ஆபரேஷன் பண்ணினாங்க, மூணாவது நாள் சேதி வந்துச்சு.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குத்தான் இப்ப இத்தனை வருஷம் கழிச்சு பதில் எழுதுறேன் ஐயா. படத்துல என்னா தெரியுது.

அவனுக்கு வந்தது குடல் செருகல். சட்டையக் கழட்டுறப்ப கை உள்ள மடிஞ்சு சிக்கிக்குமே, அது மாதிரி குடலோட ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள்ள புகுந்துக்கும், பெரும்பாலும் சிறுகுடலோட கடைசி முனை பெருங்குடலுக்குள்ள. 3 மாசத்துல இருந்து 3 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்குத்தான் அதிகம், முக்காவாசிப் பேருக்கு இதுதான் காரணம்னு ஒண்ணும் சொல்ல முடியாது, சளி காய்ச்சல் வயித்தோட்டம் வந்து போன பிறகு குடல் சுவத்துல இருக்கிற சின்னச் சின்ன நெணநீர்க் கட்டிங்க வீங்கி, அதுங்க உள்ள இழுபட்டுப் போகும்னு டாக்டருங்க சொல்வாங்க. குடல் உள்ள போறப்ப சும்மா போகாது, தன்னோட ரத்தக் குழாயையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகும். மொதல்ல நசுங்குறது மெல்லிசா இருக்கிற வடிகால் குழாய், ரத்தம் உள்ள வரும் வெளிய போகாது, குடல் வீங்கும், வீங்க வீங்க நல்ல ரத்தம் கொண்டு வர்ற குழாயும் அடைபடும், அதுக்கப்புறம் அந்தத் துண்டுக் குடல் கொஞ்சம் கொஞ்சமா செத்துரும்.

இப்ப குடல் தட்டுற விஷயம். தட்டினதும் புள்ள அழுகைய நிறுத்துனானேன்னு நீங்க கேப்பீங்க. குடல் செருகலோட வலியே விட்டு விட்டுத்தான் வரும், குடல் அலை அடிக்கிறப்ப உயிர் போற வலி, அலை ஓஞ்சதும் புள்ள அமைதியாயிரும், சிரிக்கக் கூட செய்யும். நீங்க தட்டினாலும் நிக்கும், தட்டலனாலும் நிக்கும். அந்த இடைவெளிதான் தலைமுறை தலைமுறையா நம்ம ஆயாமாருங்கள நம்ப வச்சிருக்கு. நேரம் ஆக ஆக புள்ள சோந்து போயி தூங்குனா வலி போயிருச்சுன்னு நெனைக்கிறோம், ஒடம்பு தளந்து போயிருக்குங்கிறது அப்பத் தெரியறதில்ல. வெளிய இருந்து உருவி விட்டு செருகுன குடல வெளிய இழுக்க முடியாது. ஏற்கனவே நசுங்கி வீங்கிக் கெடக்கிற குடல எண்ணெய் போட்டு அழுத்துறது நெனச்சாலே எனக்கு வயித்தப் பெசையுது.

ரத்தமும் சளியும் கலந்து வந்தாத்தான் ஆபத்துன்னு சில பேரு காத்திருப்பாங்க. அது பிந்தி வர்ற அடையாளம். விட்டு விட்டு வலி, வாந்தி, ரத்த மலம், இந்த மூணும் ஒண்ணா சேந்து வர்ற புள்ளைங்க பாதிக்கும் கம்மி.

அந்தக் காலத்துல எங்க ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே மட்டுந்தான். எக்ஸ்ரே இந்த வியாதிய நிறைய தடவ காட்டிக் குடுக்காது, நார்மல் மாதிரியே இருக்கும், அத நம்பி வீட்டுக்கு அனுப்புனா போச்சு. இப்ப அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இருக்கு, கர்ப்பிணிங்களுக்குப் பாக்கிற அதே ஸ்கேன், எக்ஸ்ரே கதிர் கெடையாது, பழகுன கை பாத்தா குடல் செருகல் தப்புறது ரொம்ப அபூர்வம். பெரிய வெங்காயத்த குறுக்க வெட்டுனா வளையத்துக்குள்ள வளையம் தெரியுமே, திரையில அப்படியே தெரியும். நான் மொத தடவ அத பாத்தப்ப 1987 ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. அந்த வெங்காயத்துக்குள்ள ரத்தம் ஓடுதான்னு கலர் போட்டுப் பாப்பாங்க, டாப்ளர்னு பேரு, செகப்பும் நீலமுமா மினுக்குனா உயிர் இருக்கு. கலரே வரல, வளையங்களுக்கு நடுவுல தண்ணி கட்டி நிக்குதுன்னா குடல் சாக ஆரம்பிச்சிருக்கும்னு கவலைப்படணும். ஆனா கத்தி அழுது நெளியற புள்ளைக்கு கலர் சரியா புடிபடாது, அதனால கலர் இல்லங்கிற ஒண்ண மட்டும் வச்சு செத்துருச்சுன்னு முடிவு கட்டவும் மாட்டாங்க, புள்ளையோட நாடி, வயித்தோட இறுக்கம், ரத்தப் பரிசோதன எல்லாம் சேத்துத்தான் பாப்பாங்க.

நேரத்தோட வந்துட்டா இதுக்கு கத்தியே வேணாங்கிறதுதான் என் வயித்தெரிச்சல். ஆசனவாய் வழியா அளவா காத்து ஏத்தி, திரையில பாத்துக்கிட்டே, உள்ள போன குடல வந்த வழியே திருப்பித் தள்ளிருவாங்க. காத்தோட அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு. பத்துல எட்டுப் புள்ளைக்கு அதுலயே சரியாயிருது. இது புதுசும் இல்ல, டென்மார்க்ல ஹிர்ஷ்ப்ருங்னு ஒரு குழந்தை டாக்டர் 1876லயே தண்ணி ஏத்தி இப்படிச் சரி பண்ணி எழுதி வச்சிருக்காரு. சரியான பிறகும் பத்துல ஒரு புள்ளைக்கு மறுபடி வரலாம், அதனால வாட்டுல வச்சுப் பாப்பாங்க. குடல் ஏற்கனவே ஓட்டையாயிருந்தா, ரத்த ஓட்டம் கொறஞ்சு புள்ள ஷாக்ல இருந்தா, இந்த வைத்தியம் பண்ண முடியாது, நேரா ஆபரேஷன்தான். அந்த 9 மாசப் புள்ள மத்தியானமே வந்திருந்து, படத்தப் பாக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் இருந்திருந்தா, இந்நேரம் அவனுக்கும் புள்ளகுட்டி இருந்திருக்கும்.

இன்னொன்னு வாந்தியோட கலர். நம்ம ஆளுங்ககிட்ட பித்தம்னா என்ன கலர்னு கேட்டா மஞ்சள்னுதான் சொல்வாங்க, மஞ்சளா வாந்தி எடுத்தா பித்தம் தலைக்கேறிருச்சு, இஞ்சிச் சாறு குடுன்னு ஆரம்பிச்சிருவாங்க. குழந்தை விஷயத்துல பயப்பட வேண்டிய கலர் பச்சை. முருங்கை இலைய அரைச்சுப் புழிஞ்ச மாதிரி பச்சை. பொறந்து சில நாளே ஆன குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா, குடல் முறுக்கு இல்லன்னு நிரூபிக்கிற வரைக்கும் அது குடல் முறுக்குன்னுதான் டாக்டருங்க எடுத்துக்கணும், அப்படித்தான் அவங்களுக்குப் பாடமே.

தாய் வயித்துல இருக்கிறப்ப குழந்தையோட குடல் கொஞ்ச நாள் தொப்புள் கொடிக்குள்ள வளந்துட்டு, 10வது வாரம் போல வயித்துக்குள்ள திரும்பி வந்து, 270 டிகிரி சுத்தி, தன் எடத்துல உக்காரும். சேலைக் கொசுவத்த அகலமா விரிச்சு சொருகுனா நாள் முழுக்க நழுவாம நிக்கும், மொத்தத்தையும் ஒரே எடத்துல பொட்டலமா சொருகுனா நடக்க நடக்க சுத்திக்கும். குடலும் அப்படித்தான், சில குழந்தைங்களுக்கு அந்தச் சுத்து சரியா நடக்காம, முழுக் குடலும் ஒரு மெல்லிசான காம்புல தொங்கிக்கிட்டு இருக்கும், அந்தக் காம்பு முறுக்கிக்கிச்சுன்னா ஒரு துண்டுக் குடல் இல்ல, சிறுகுடல் பூராவும் ரத்தமில்லாம போயிரும். பெரும்பாலும் பொறந்த மொத மாசத்துக்குள்ளயே வந்துரும். இதுலயும் எக்ஸ்ரே ஏமாத்தும், ஆரம்பத்துல நார்மலாவே இருக்கும், வயித்துல காத்தே இல்லாம சாம்பல் பூத்த மாதிரி படம் வந்தா அது ரொம்ப மோசமான அறிகுறி. ஸ்கேன்ல பாத்தா ரத்தக் குழாய சுத்தி குடல், முறுக்குப் பலகாரம் புழிஞ்ச மாதிரி சுருள் சுருளா தெரியும். இல்லன்னா மருந்துத் தண்ணிய குடிக்க வச்சு எக்ஸ்ரேல பாப்பாங்க, அது நேரா போகாம திருகாணி மாதிரி எறங்கும்.

இது எங்க வீட்டுக்கே வந்துச்சு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்கா பேத்திக்கு குழந்தை பொறந்து ஆறாம் நாள், ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்சாப்ல ஒரு படம் அனுப்பிச்சு, சின்னப்பாட்டி, பாப்பா வாந்தி எடுத்துச்சு, இந்தக் கலர்ல இருக்கு, மாமியார் பித்தம்னு சொல்றாங்கன்னு. வெள்ளைத் துணியில பச்சைத் திட்டு. நான் வேற எதுவும் கேக்கல, துணிய கையில எடுத்துக்க, புள்ளைய தூக்கிக்கிட்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகாத, நேரா குழந்தை ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிக்குப் போ, போற வழியில பால் குடுக்காதன்னு சொன்னேன். அங்க எக்ஸ்ரேல ஒண்ணும் பெருசா தெரியல. ஆனா அந்த டூட்டி டாக்டரம்மா துணிய மோந்து கூட பாத்தாங்களாம், உடனே ஸ்கேனுக்கு ஆள எழுப்பினாங்க, முறுக்கு தெரிஞ்சிச்சு, விடியறதுக்குள்ள ஆபரேஷன். வயித்தத் தொறந்தப்ப குடல் கத்திரிக்கா கலர்ல இருந்துச்சாம். முறுக்கப் பிரிச்சு விட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணித் துணியால சுத்தி வச்சுக் காத்திருந்திருக்காங்க, கொஞ்சங் கொஞ்சமா செகப்பு திரும்பி வந்துச்சுன்னு டாக்டர் வெளிய வந்து சொன்னாரு. அமெரிக்காவுல லாட்னு ஒரு டாக்டர் 1936ல எழுதி வச்ச ஆபரேஷன்தான் இன்னிக்கும் அதுக்குப் பண்றாங்க. பாப்பா இப்ப வீடு முழுக்க ஓடுறா, நேத்து கூட என் கண்ணாடிய ஒடச்சுட்டா.

கொற மாசத்துல பொறந்த குழந்தைங்க கதை வேற. ஒன்றரைக் கிலோவுக்குக் கம்மியா பொறக்குற குழந்தைங்களுக்கு, பொறந்து ரெண்டு மூணு வாரத்துல, நல்லா தேறி வர்றாங்கன்னு நெனைக்கிறப்பவே குடல் அழுகல் நோய் வரலாம். வயிறு உப்பும், குடுத்த பால் செரிக்காம நிக்கும், மலத்துல ரத்தம் வரும், மூச்சு விட மறந்து போகும். இன்குபேட்டர்ல இருக்கிற அந்தப் பூஞ்சைக் குழந்தைங்கள நான் நூத்துக்கணக்குல படம் எடுத்திருக்கேன், படத்தட்டு குழந்தைய விட பெருசா இருக்கும். 6 மணி, 8 மணி நேரத்துக்கு ஒரு தடவ எடுக்கச் சொல்வாங்க, அம்மாமாருங்க ஏன் இத்தனை எக்ஸ்ரேன்னு அழுவாங்க. ஏன்னா அந்தப் படங்கள வரிசையா வச்சாத்தான் தெரியும். ஒரு சுருட்டுக் குடல் நேத்து இருந்த அதே எடத்துல அதே வடிவத்துல அசையாம இருந்தா, அது வேலைய நிறுத்திருச்சுன்னு சந்தேகப்படணும்.

அந்த நோய்ல குடல் சுவத்துக்குள்ளயே காத்து புகுந்துரும். படத்துல ரெண்டு விதமா தெரியும், ஒண்ணு குடல் ஓரமா தண்டவாளம் மாதிரி ரெட்டைக் கோடு, இல்லன்னா ஆப்பத்துல ஓட்டை விழுந்த மாதிரி பொடிப் பொடிக் குமிழி. இந்தக் குமிழியும் குடலுக்குள்ள இருக்கிற மலமும் பாக்கறதுக்கு ஒண்ணு மாதிரியே இருக்கும், தேறுன டாக்டருங்களே கொழம்புவாங்க. அந்தக் காத்து அங்க இருந்து ரத்தக் குழாய் வழியா ஈரலுக்குப் போயிருச்சுன்னா, ஈரல் மேல கிளை கிளையா கருப்புக் கோடு விழும். பிப்ரவரி மார்ச்ல கித்தா மரம் இலை உதிர்ந்து நிக்குமே, ஆகாசத்துக்கு எதிரா பாத்தா சின்னக் கிளை கூட தனித்தனியா தெரியும், அதே மாதிரி. குடல் ஓட்டையாயிட்டா குழந்தை மல்லாந்து படுத்திருக்கிற படத்துல வயிறு நடுவுல முட்டை வடிவத்துல பெரிய கருப்பு வட்டம் தெரியும், குடல் சுவத்தோட உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் கோடு போட்ட மாதிரி தெரியும், இந்த ரெண்டாவது அடையாளத்த ரிக்லர்னு ஒரு டாக்டர் 1941ல எழுதி வச்சாரு, அவர் பேர்லதான் இன்னிக்கும் சொல்றாங்க.

சுவத்துக்குள்ள காத்து தெரிஞ்சாலே குடல் செத்துருச்சுன்னு அர்த்தம் இல்லங்க, பாலை நிறுத்தி, ஆன்டிபயாட்டிக் குடுத்து, டிரிப்லயே வச்சு, கத்தி இல்லாம பொழச்ச குழந்தைங்க நெறைய பேர நான் பாத்திருக்கேன். அம்மாங்க அந்தப் படத்தப் பாத்து மனசு விட்டுரக் கூடாது. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைங்களுக்கு இந்த நோய் வர்றது கம்மிங்கிறதும் நிச்சயம், அதனால குழந்தை வாட்டுல இருந்தாலும் பாலப் பீச்சி ஐஸ் பெட்டியில வச்சு மோட்டோர்ல கொண்டாந்து குடுத்த தோட்டத்து அப்பாங்கள நான் கையெடுத்துக் கும்புடுறேன்.

சிடி ஸ்கேன் ஏன் எடுக்கலன்னும் கேப்பாங்க. அது கதிர் அதிகம், சின்னப் புள்ளைங்களுக்கு அவசியம்னாத்தான் எடுப்பாங்க, எடுத்தா ரத்தத்துல மருந்து ஏத்திட்டுப் பாப்பாங்க, உயிர் இருக்கிற குடல் சுவர் பளிச்சுனு ஆகும், செத்தது மங்கலாவே கெடக்கும்.

ஐயா, இவ்வளவும் எதுக்கு எழுதுறேன்னா, செத்த குடலோட அடையாளம் படத்துல தெளிவா தெரியற நேரத்துல பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அதுக்கு முன்னாடி தெரியறது குழந்தையோட மொகத்துலயும் துணியிலயும்தான், அத மொதல்ல பாக்கிறவங்க அம்மாவும் ஆயாவும். அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி. சின்ன டவுன் ஆஸ்பத்திரிங்கள்ல ராத்திரியில குழந்தை வயித்த ஸ்கேன் பண்ணத் தெரிஞ்ச ஆள் இருக்கணும், இல்லன்னா இருக்கிற எடத்துக்கு அந்த ராத்திரியே அனுப்பணும், காலையில பாப்போம்னு வைக்கக் கூடாது. இப்ப படத்த கம்ப்யூட்டர்லயே அனுப்பி ரேடியோலஜிஸ்ட்கிட்ட (படம் பாத்துச் சொல்ற டாக்டர்) கேக்கிற வசதி வந்துருச்சு, கேக்கணும். எக்ஸ்ரே எடுக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் சொல்றேன், ஏதாவது சரியில்லாம தெரிஞ்சா டாக்டர்கிட்ட போயி சொல்லுங்க, திட்டுனா திட்டட்டும்.

அம்மாமாருங்களே, டாக்டர்கிட்ட போனா வயித்து வலின்னு ஒத்த வார்த்தையில முடிச்சுராதீங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது, எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவ கால மடக்குறான், நடுவுல எப்படி இருக்கான், வாந்தி என்ன கலர்னு சொல்லுங்க. வாந்தித் துணிய தொவைக்காம பிளாஸ்டிக் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. படம் நார்மல்னு சொன்னா சந்தோஷம், ஆனா புள்ள இன்னும் கால மடக்குறான்னா ஸ்கேன் பாப்பீங்களான்னு கேளுங்க. வயித்த சொல்றப்ப தொடை இடுக்கையும் டயபர அவுத்துக் காட்டுங்க, அங்க குடல் எறங்கி சிக்கிக்கிட்டு வீங்கியிருந்தாலும் இதே கதைதான்.

அந்த வாசகி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். நீங்க எழுதுறத நெறைய பேர் வெட்டி பெட்டியில வச்சுக்குவாங்க, எங்க ஆயா காலத்துல இருந்து நம்ம பொம்பளைங்க அப்படித்தான். அடுத்த வாரம் அதே எடத்துல ஒரு ரெண்டு வரி எழுதுங்க அக்கா: குழந்தை விட்டு விட்டு கால மடக்கி அழுதாலோ, பச்சையா வாந்தி எடுத்தாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ, அழுது அழுது திடீர்னு துவண்டு போனாலோ, குடல் தட்ட வேணாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்கன்னு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற எக்ஸ்ரே ஊழியர்,
சுங்கை சிப்புட், பேராக்.